சபிஹா வாங்கிய மூன்று பழைய டிஸ்க்குகள்

சபிஹாவுக்கு உட்காரத் தெரியாது என்று அவளைப் பெற்ற நஃபீசாவே சொல்வார். சோறு கொதிக்கும் நேரத்தில் துணி மடிப்பாள். துணி மடிக்கும்போதே மகனுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாள். மூன்றும் முடிந்துவிட்டால் அலமாரியை இறக்கித் திரும்ப அடுக்குவாள். கூத்தாநல்லூரில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் அவள் வீட்டு அலமாரி அளவுக்கு அடுக்கப்பட்ட அலமாரி வேறெதுவும் கிடையாது.

1981இல் பிறந்தவள். அத்தா மீரா உசேன் கோலாலம்பூரில் துணிக்கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வெளியுலகம் பார்த்தவர் என்பதால் மகளைத் தஞ்சாவூரில் விடுதியில் சேர்த்து பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படிக்கவைத்தார். அப்போது மன்னார்குடியில் தெருவுக்கொரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்திருந்தது. அதில் ஒன்றில் எட்டு மாதம் சொல்லிக்கொடுத்தாள். வகுப்பில் இருபத்திரண்டு பேர், கம்ப்யூட்டர் நான்கு. நாற்காலியில் உட்கார நேரமில்லாத அந்த எட்டு மாதத்தைத்தான் தன் வாழ்க்கையில் நிம்மதியான காலம் என்று பிற்பாடு சொல்வாள்.

2002இல் நிக்காஹ். மாப்பிள்ளை ஹாஜா மைதீன் அபுதாபியில் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். நாற்பத்தோராம் நாள் விமானம் ஏறிவிட்டார். பதினைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் வீட்டில் இருந்த நாட்களைச் சபிஹா ஒருதரம் காலண்டர் வைத்து எண்ணிப் பார்த்தாள். பதினான்கு மாதம்கூடத் தேறவில்லை. அதற்குள் ஆஷிகா பிறந்து வளர்ந்து பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இர்பான் இரண்டாம் வகுப்பு.

2011 விடுமுறையில் ஹாஜா மைதீன் ஒரு பெட்டி கொண்டுவந்தார். கம்பெனி அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர். திரை கிடையாது. இரும்புச் சட்டிபோல் கனத்தது. இரண்டு கம்பளியில் சுற்றி, மிட்டாய்க்கும் சென்ட்டுக்கும் வைத்திருந்த இடத்தையெல்லாம் அதற்கே கொடுத்து எடுத்துவந்திருந்தார். மாடிப்படிக்கு அடியில் வைத்து, பிராட்பேண்டு வயரைச் சொருகி, ஒரு சர்வர் ஆக்கினார். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும்.

"நீ எடுக்குற போட்டோ, வீடியோ எல்லாத்தையும் இதுல போட்டுடு சபி. நான் அங்கேர்ந்து தெறந்து பாத்துக்குவேன்" என்றார்.

அப்படியே நடந்தது. தெருவில் அதற்கு 'ஹாஜா பொட்டி' என்று பெயர். ஆனால் முதல் வருடம் தாண்டியதும் அதை உயிரோடு வைத்திருந்தது சபிஹாதான். ஃபேன் நின்றபோது திருவாரூரில் தேடி வாங்கி மாட்டினாள். யூபிஎஸ் பேட்டரி மாற்றினாள். இரண்டு டிஸ்க்கும் நிரம்பியதும் பெரிதாக வாங்கி மாற்றினாள். யாரோ எங்கோ இன்டர்நெட்டில் கேட்ட கேள்விகளையும் அதற்கு யாரோ சொன்ன பதில்களையும் படித்துப் படித்தே கற்றுக்கொண்டாள். தொடக்கத்தில் ஹாஜா போனில் சொல்லச் சொல்ல இவள் செய்தாள். இரண்டு வருடத்தில் இவள் சொல்ல அவர் கேட்கும்படி ஆனது.

2017ஆம் வருடம் நோன்புப் பெருநாளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றார். பெருநாள் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். பெட்டி தொண்ணூற்றேழு சதவீதம் நிறைந்துவிட்டதாகக் காட்டியது. போதாக்குறைக்கு இரண்டு டிஸ்க்கில் ஒன்றில் எழுதவும் படிக்கவும் முடியாத கெட்ட இடங்கள் பெருகிக்கொண்டிருந்தன.

அந்த வருடம் மேட்டூர் திறக்கவில்லை. ஆறு மணலாய்க் கிடந்தது. குறுவை போட்டவர்கள் போர்செட் வைத்திருந்தவர்கள் மட்டுமே. காற்றில் ஈரமே இல்லாத வெக்கை. மாடிப்படிக்கு அடியில் கையை வைத்தால் அடுப்பங்கரைபோல் இருந்தது. சபிஹா ஒரு டேபிள் ஃபேனைப் பெட்டிக்கு எதிரே வைத்துவிட்டு போனில் ஐமோ வழியாகப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"மச்சான், ஒரு டிஸ்க் போற மாதிரி இருக்கு. ரெண்டையும் மாத்திடலாம்."

"நான் வர்றப்ப புதுசா வாங்கிட்டு வர்றேனே."

"எப்ப வருவீங்க?"

"சொல்றேன் சபி." உடனே பேச்சை மாற்றிவிட்டார். "இர்பான் தூங்கிட்டானா?"

அவளுக்கு அந்த 'சொல்றேன்' பிடிக்கவில்லை. நான்கு நாள் வீட்டுக்குள் நடந்தாள். சென்னை ரிச்சி தெருவில், அலுவலகங்களிலிருந்தும் கேமரா கண்ட்ரோல் ரூம்களிலிருந்தும் கழற்றிய பழைய டிஸ்க்குகள் புதுசின் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும் என்று படித்திருந்தாள். ஐந்தாம் நாள் காலையில் பிள்ளைகளை உம்மா வீட்டில் விடப்போனாள்.

"தனியா மெட்ராசுக்கா? மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்றார் நஃபீசா.

"தெரியாது."

"தெரியாமலா போற?"

"தெரிஞ்சா வேணாம்பாங்க. அப்பறம் வேணாம்னு சொன்னதுக்கப்பறம் போன மாதிரி ஆயிடும். அதுக்கு இது தேவல."

மன்னார்குடியில் ரயில் ஏறி விடிகாலையில் எழும்பூரில் இறங்கினாள். கடை திறக்கப் பத்தரை ஆகும். பெண்கள் ஓய்வறையில் முகம் கழுவிக்கொண்டு, அங்கேயும் உட்காராமல், பிளாட்பாரத்தின் நீளத்தைப் பலமுறை அளந்தாள்.

அவள் நுழைந்த கடை ஒரு மாடிப்படியின் திருப்பத்தில் இருந்தது. கடைக்காரர் ஒன்பது டிஸ்க்கை மேசைமேல் அடுக்கி, "எல்லாமே நல்ல கண்டிஷன் மேடம்" என்றார்.

"எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பாக்கணும்."

"அதெல்லாம் எப்படி..."

சபிஹா பையிலிருந்து தன் பழைய லேப்டாப்பையும் ஒரு ஒயரையும் எடுத்தாள். பஸ்ஸுக்குக் கிலோமீட்டர் ஓடுவதுபோல் ஒவ்வொரு டிஸ்க்கும் தான் சுழன்ற மணி நேரத்தைத் தனக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும். முதலாவது நாற்பத்து நாலாயிரம் மணி. ஒதுக்கினாள். இரண்டாவதில் கெட்ட இடங்கள். ஒதுக்கினாள். கடைக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். ஆறாவதுக்கு வரும்போது அவரே ஒயரை மாற்றி மாட்டிக் கொடுத்தார். ஒன்பதில் மூன்று தேறின. இரண்டு போதும். மூன்றாவது கைகாவலுக்கு.

பக்கத்தில் நின்று இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர், "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை.

"கூத்தாநல்லூர்."

"அட, நான் திருவாரூர். ராஜாங்கம். கல்யாண வீடியோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். இந்த ரெண்டையும் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

பார்த்தாள். "இத எடுக்காதீங்க. இத எடுக்கலாம்."

அவர் போன் நம்பர் கேட்டார். ஒரு நிமிடம் தயங்கி, கொடுத்தாள். திரும்பும் ரயிலில் மூன்று டிஸ்க்கையும் மூன்று துவாலையில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தாள். தண்டவாளம் தடதடத்த இடங்களில் கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் பெட்டியை அணைத்து, கெட்டுக்கொண்டிருந்த டிஸ்க்கைக் கழற்றி, வாங்கிவந்ததில் ஒன்றை மாட்டினாள். மிச்சமிருந்த பழைய டிஸ்க்கிலிருந்து இதற்குள் எல்லாம் நகலாக வேண்டும். அது முடிந்ததும் அந்தப் பழையதையும் எடுத்துவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். முதல் நகலுக்கே இருபத்தாறு மணி நேரம் ஆகும் என்று காட்டியது. பழைய டிஸ்க்கும் அவ்வளவு ஆரோக்கியமானதல்ல. அது மட்டுமே இப்போது எல்லாவற்றையும் வைத்திருந்தது.

அடுத்த நாள் காலை எட்டு மணி வரை நன்றாக ஓடியது. பத்தரைக்கு வேகம் பாதியாகக் குறைந்தது. யாரோ அதே டிஸ்க்கிலிருந்து எதையோ படித்துக்கொண்டிருந்தால்தான் இப்படி ஆகும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அவள் எதையும் திறக்கவில்லை. யார்?

யார் எப்போது வந்தார்கள், எதைத் திறந்தார்கள் என்று பெட்டி குறித்துவைக்கும் லாக் ஒன்று உண்டு. அதைத் திறந்தாள். 'ஹாஜா' என்றிருந்தது. பாஸ்வேர்டு திருட்டுப்போயிருக்குமோ என்று ஒரு கணம் பயந்தாள். ஆனால் இன்டர்நெட் முகவரி அவர் தங்கியிருக்கும் அறையுடையது. வருடக்கணக்காக ராத்திரிகளில் வந்த அதே முகவரி.

பின்னோக்கிப் போனாள். ஜனவரி வரைக்கும் அவர் வருவது இரவிலும் வெள்ளிக்கிழமையிலும் மட்டும். பிப்ரவரி ஆறாம் தேதியிலிருந்து கிட்டத்தட்ட தினமும். அங்கத்திய நேரம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. ஞாயிறு, திங்கள், செவ்வாய், எல்லா நாளும். ஏழு மணிக்கே சைட்டுக்குப் போகிற ஸ்டோர் கீப்பருக்குப் பகல் பதினோரு மணிக்கு ரூமில் என்ன வேலை?

அவள் மாடிப்படிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

என்னென்ன திறந்திருக்கிறார் என்று பார்த்தாள். இர்பான் சைக்கிள் பழகியது. ஆஷிகா பள்ளி ஆண்டு விழாவில் பேசியது. இவற்றைவிட அதிகம் திறந்தது ஒரு நாற்பது நிமிட வீடியோ. போன் தானாக ஓடிப் பதிவானது. அவள் அதை அழிக்க மறந்திருந்தாள். போன் அடுப்பங்கரைத் தட்டில் கிடந்திருக்கிறது. படத்தில் ஒரு பானையின் முதுகும் ஃபேனும் மட்டும். சத்தத்தில் அவள் இருந்தாள். பிள்ளைகளைத் திட்டுகிறாள், மீன்காரம்மா எல்லையம்மாளிடம் சங்கரா மீனுக்கு வாதாடுகிறாள், பாத்திரம் விழுகிறது. அதை அறுபத்து மூன்று தடவை திறந்திருந்தார்.

அப்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. வாங்கிவந்த டிஸ்க். நகல் அறுபத்தொரு சதவீதத்தில் நின்றது. ரயிலில் அடிபட்டதோ, பத்தொன்பதாயிரம் மணி நேரத்துக்கு மேல் அதற்கு ஆயுள் எழுதப்படவில்லையோ, தெரியாது. சபிஹா எழுந்தாள். பெட்டியை அணைத்து அதைக் கழற்றிவிட்டு, கைகாவலுக்கு வாங்கியதை மாட்டினாள். திரும்ப முதலிலிருந்து. பழைய டிஸ்க் இந்த ஓட்டத்தைத் தாங்கினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இனி வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. வெளியிலிருந்து பெட்டிக்கு வரும் வழியை அடைத்தாள்.

நான்கு நிமிடத்தில் போன் அடித்தது.

"சபி, பொட்டிக்கு என்னாச்சு? தெறக்க மாட்டேங்குதே."

"டிஸ்க் மாத்துறேன் மச்சான்."

"நான்தான் வர்றப்ப..."

"மச்சான், இன்னைக்குச் செவ்வாய்க்கெழம. அங்க மணி பத்தாகுது. ஸ்டோர்ல யாரு இருக்கா?"

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனின் சத்தம் நின்றது.

"கம்பெனிய மூடிட்டாங்க சபி" என்றார். "பிப்ரவரியிலேயே."

"இத்தனை மாசமா?"

"ரூம்ல மத்தவங்க எல்லாம் காலைல கெளம்பிடுவாங்க. நான் மட்டும் இருப்பேன். அங்கங்க கேட்டுப் பாக்குறேன். ரெண்டு மூணு எடத்துல தற்காலிகமா நின்னேன், மிச்சத்துக்குக் கடன் வாங்கிப் பணம் அனுப்பினேன். நெலையா ஒண்ணு கெடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"வேலை போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அது யாருக்கும் போகும்." அவள் குரல் உயர்ந்தது. "நாங்க என்ன பண்றோம், எப்படி இருக்கோம்னு நீங்க அங்கேர்ந்து நாள் பூரா பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. நீங்க எப்படி இருக்கீங்கன்னு நான் எதுல பாக்குறது? எனக்கு எந்தப் பொட்டி இருக்கு?"

"ஊருக்கு வந்தா ஆளுங்க கேப்பாங்க. என்ன சொல்றது?" என்றார்.

"வந்துட்டேன்னு சொல்லுங்க."

"பொட்டி எப்ப சரியாகும்?"

"ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாளா?" என்று கேட்ட குரலை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. கோபத்தோடேயே போனை வைத்தாள்.

அந்த இரண்டு நாளும் வீடு அவளுக்குப் போதவில்லை. பத்து நிமிடத்துக்கொருதரம் சதவீதத்தைப் பார்த்தாள். இருபத்து மூன்று. முப்பது. உளுந்து ஊறவைத்ததை மறந்து புளிக்கவிட்டாள். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து மத்தியானம் கரண்ட் போனது. யூபிஎஸ் இருபது நிமிடம்தான் தாங்கும். சபிஹா சுவரேறாத குறையாக அடுத்த வீட்டு கமருன்னிஸாவைக் கூப்பிட்டாள்.

"லாத்தா, உங்க இன்வெர்ட்டர்லேர்ந்து ஒரு ஒயர் இழுத்துக்கட்டுமா? ஃபேன் வேணாம், லைட் வேணாம். இந்தப் பொட்டி மட்டும்."

"ஒம் புருஷன் பொட்டிக்கு நான் வேர்த்துச் சாகணுமா?" என்று கேட்டுக்கொண்டே கமருன்னிஸா ஒயரை வாங்கிச் சொருகினாள். இரண்டரை மணி நேரம் விசிறிமட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அதைச் சபிஹா என்றைக்கும் மறக்கவில்லை.

நகல் முடிந்தது. பழையதை எடுத்துவிட்டு அடுத்ததையும் மாட்டி, அதற்குள்ளும் நகலெடுத்து முடிக்க வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம் ஆகிவிட்டது. பதினோரு கோப்புகள் மீளவில்லை. ஹாஜாவின் தங்கை கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தி எடுத்த வீடியோக்கள். பாதி ஊர் சாப்பிடுவது அதில் இருந்தது. போகட்டும் என்று விட்டாள். அந்த நாற்பது நிமிடம் தப்பியிருந்தது. அன்றைக்குத்தான் அதை முழுவதும் கேட்டாள். தன் குரல் இவ்வளவு கடுமையானதா என்றிருந்தது. இதையா ஒரு மனுஷன் அறுபத்து மூன்று தடவை கேட்டான்?

வெளிவழியைத் திறந்துவிட்டு, "சரியாயிடுச்சு" என்று ஒரு வரி அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. லாக்கில் அவர் பெயரும் வரவில்லை. சனிக்கிழமை வரவில்லை. ஞாயிறு வரவில்லை. பிள்ளைகளோடு மட்டும் போனில் இரண்டு வார்த்தை பேசினார். அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவள் வாசலுக்கும் மாடிப்படிக்கும் நடந்தாள். பிறகு, சொன்னதில் என்ன தப்பு என்றும் நடந்தாள்.

ஒன்பது நாள் கழித்து, காலை பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். இரண்டு பை. முன்பெல்லாம் ஆறு ஏழு இருக்கும். இளைத்திருந்தார்.

"வந்துட்டேன்" என்றார்.

சபிஹா பையை வாங்கி உள்ளே வைத்தாள். தோசைக்கல்லைப் போட்டாள்.

வீட்டில் ஹாஜா மைதீனுக்கு இருப்பே கொள்ளவில்லை. ஆறு மணிக்கெல்லாம் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்புவார். யாராவது "எப்ப திரும்பப் போறீங்க?" என்று கேட்டால் முகம் மாறும். இர்பானுக்கு அவர் போனுக்குள் இருந்த அத்தாவாகத்தான் பழக்கம். கூடத்தில் நடமாடும் அத்தாவிடம் பேச அவனுக்கு மூன்று வாரம் ஆனது. ஆஷிகா பேசினாள், ஆனால் எதையும் அத்தாவைக் கேட்டுச் செய்கிற பழக்கம் அவளிடம் இல்லை. உம்மாவிடம் மட்டும் கேட்பாள். சில பகல்களில் அவர் போனில் வீட்டு வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வீடியோவில் இருந்தவர்கள் பக்கத்து அறையில் இருப்பார்கள். சபிஹா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவாள்.

ஆகஸ்டு மாதம் ராஜாங்கம் போன் செய்தார். அவருடைய ஸ்டுடியோவில் பதினேழு வருடக் கல்யாணங்கள் நாற்பது டிஸ்க்குகளில் சிதறிக் கிடந்தன. எது எதில் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் இருப்பதாகக் கடையில் சொன்னீர்களே, அதுபோல் ஒன்று எனக்கும் செய்து தருகிறீர்களா என்றார்.

"நீ வேலைக்கா போற?" என்று ஹாஜா கேட்டார்.

"பொட்டி வேலைதான்."

"அது எனக்கும் தெரியுமே."

"தெரியும். ஆறு மாசத்துக்கொருதரம் பாஸ்வேர்டு மறந்துடுச்சுன்னு கூப்புடுவீங்களே, அந்த அளவுக்குத் தெரியும்."

அவர் வந்து ஒரு மாதத்தில் முதன்முறையாகச் சிரித்தார். மறுநாள் அவரே பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்து ஏற்றிவிட்டார். அன்றைக்கு மத்தியானச் சோறும் அவர்தான் வடித்தார். கொஞ்சம் குழைந்துவிட்டதாக இர்பான் சொன்னான். அத்தாவிடம் அவன் தானாகச் சொன்ன முதல் குறை அதுவாகத்தான் இருக்கும்.

ராஜாங்கத்தின் வேலை மூன்று மாதம் இழுத்தது. அதற்குள் மன்னார்குடியில் ஒரு எக்ஸ்ரே சென்டரிலிருந்தும் பேராவூரணியில் ஒரு தேங்காய் மண்டியிலிருந்தும் அவளைக் கூப்பிட்டார்கள். ரிச்சி தெருக் கடைக்காரர் இப்போதெல்லாம் டிஸ்க்கின் மணி நேரத்தைத் தானே பார்த்து, படம் எடுத்து அனுப்பிவிடுவார்.

அக்டோபரில் ஆற்றில் தண்ணீர் வந்தது. ஹாஜா மைதீன் மன்னார்குடியில் ஒரு அரிசி ஆலைக்குக் கணக்குப் பார்க்கப் போனார். போய்வந்தாரே தவிர, ஒட்டவில்லை. கண் வேறெங்கோ இருந்தது. பொங்கல் முடிந்ததும் கத்தாரிலிருந்து பழைய ரூம் நண்பர் ஒருவர் வேலை இருப்பதாகச் சொன்னார். ஹாஜா சபிஹாவிடம் கேட்ட விதமே, போக வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து கேட்டதுபோல் இருந்தது.

"போறதும் இருக்கறதும் உங்க இஷ்டம்" என்றாள். "போனா ஒண்ணு. வேலை போற அன்னைக்கே எனக்குத் தெரியணும். அடுத்த நாள்கூட இல்ல."

பிப்ரவரியில் போனார். இந்தத் தடவை தினமும் சாயங்காலம் கூப்பிடும்போது பிள்ளைகளைக் கேட்பதற்கு முன்னால், அன்றைக்கு ஸ்டோரில் என்னென்ன வந்தது, யார் சண்டை போட்டது என்று சொல்லிவிடுகிறார். சில நாள் அது அரைமணி நேரம்கூட ஆகும். சிமெண்டு மூட்டைக் கதையெல்லாம் சபிஹா பொறுமையாகக் கேட்கிறாள், கையில் ஏதாவது ஒரு வேலையோடு.

அந்த வருடம் மே மாதம் அவள் திருச்சிக்குப் போய்த் தனக்கு ஒரு பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். கத்தாருக்கா என்று மறுநாள் காலையில் கமருன்னிஸா கேட்டாள். இல்லை என்றாள். பிறகு எங்கே என்று கேட்டதற்கு, "தெரியல லாத்தா. முப்பத்தேழு வயசாச்சு. ஒண்ணு இருக்கட்டுமேன்னு தோணுச்சு" என்று சொல்லிவிட்டு, மன்னார்குடி வேலைக்குப் போக ஒன்பதேகால் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.